பின் சீட்டு

வாங்க தம்பி, கேட்டைச் சாத்திப்போட்டு வாங்க, நாய் உள்ள பூந்துரும். போன்ல பேசுன பெருந்துறைத் தம்பிதானே? நல்லதுங்க. அந்த ஷெட்டுக்குள்ள நிக்குது பாருங்க, அதான் பைக்கு. தொட்டுப் பாருங்க, பரவால்ல. எங்கயாச்சும் ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம். மொத ஓனர், ஒரே கை. என்ற மச்சினன் ஒரு தடவ பொண்ணு பாக்கப் போறதுக்குக் கேட்டான், அவனுக்கே சாவி குடுக்கலைங்க. இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

டீ குடுக்கலாம்னா வூட்டுல ஆளில்லை. வசந்தாமணி, என்ற சம்சாரம், காத்தாலயே பஸ் ஏறிக் கெணத்துக்கடவு போயிட்டா, தங்கச்சி வூட்டுக்கு. பொழுதோட வந்துருவா. தண்ணி இருக்குது, அந்தச் சொம்புல.

சாவியா? தர்றேன், தர்றேன். அவசரப்படாதீங்க. ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா மட்டும் வண்டியப் பத்தித் தெரிஞ்சுருமா? எதுக்கு விக்கறேன்னு கேக்க வேண்டாமா நீங்க? கோளாறு இருந்தா சொல்லிப்போட்டுத்தானுங்க விக்கோணும். நான் கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்கறவன். கல்லுல நூலளவு வெடிப்பு இருந்தாலும் சொல்லித்தான் குடுப்பேன். இந்த வண்டில இருக்கறது ஒரே ஒரு கோளாறு. பின்னாடி ஆள் உக்காந்திருக்கறது முன்னாடி ஓட்டறவனுக்குத் தெரியாது.

சிரிக்காதீங்க தம்பி. நெசமாத்தான் சொல்றேன். தூரப் பயணத்துக்குன்னே செஞ்ச வண்டிங்க இது. கனம் அவ்வளவு கனம், சீட்டு அவ்வளவு அகலம். சின்ன வண்டின்னா பின்னாடி ஒரு ஆள் தும்முனாலும் ஹேண்டில் ஆடும். இதுல அந்தப் பேச்சே கிடையாது. அதுதான் பெருமைன்னு நெனச்சு வாங்கினேன், அதுவே கெரகமாப் போச்சு.

இப்பப் புது மாடல் வந்திருக்குதுங்க. அதுல பின் சீட்டுக்கு முதுகு சாய்ஞ்சுக்கத் திண்டு இருக்குது, ரெண்டு பக்கமும் கை வெச்சுக்கலாம், ஹெல்மெட்டுக்குள்ளயே ஸ்பீக்கர், மைக்கு. எல்லாத்துக்கும் மேல, பின்னாடி ஆள் ஏறினா முன்னாடி ஸ்க்ரீன்ல ஒரு சின்ன மனுசன் படம் எரியும். எறங்கினா அணைஞ்சுரும். ஆம்பளை படந்தான், சேலை கட்டின படமெல்லாம் வராது. பரவால்ல, ஆள் இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்ல?

புக் பண்ணிட்டேன். வண்டி வந்து ஷோரூம்ல நிக்குது. இன்னிக்குப் பொழுதுக்குள்ள வேணுமா வேண்டாமான்னு சொல்லிப்போடோணும். இல்லைன்னா வரிசைல அடுத்து நிக்கற ஆளுக்குப் போயிரும். காத்தால இருந்து ஷோரூம்காரன் கூப்பிட்டுட்டே இருக்கறான். நான் எடுக்கலைங்க. எடுத்து என்னன்னு சொல்றது? வாங்கினாலும் மாட்டிக்கிட்டேன், வாங்காட்டியும் மாட்டிக்கிட்டேன். எப்படின்னு சொல்றேன், அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க.

எங்களுது ஒரு குரூப்புங்க. எல்லாம் அம்பது தாண்டுனவங்க. பல் டாக்டர் ரங்கநாதன்தான் அதுக்குத் தலை. மாசம் ஒரு ரைடு போவோம், வருசத்துக்கு ரெண்டு தடவ ஜோடி ரைடு. ஜோடி ரைடுன்னா சம்சாரத்தோடதான் வரோணும், ஒத்தையா வந்தாச் சேத்துக்க மாட்டாங்க. அதுல எப்பவும் மொத வண்டி என்னுதுதான். நான் போற தடத்துலதான் மத்த வண்டியெல்லாம் வரும். ஒன்பது வருசமா அப்படித்தான்.

எங்க குரூப்புல ஒரு வழக்கம் உண்டுங்க. வேற எங்கயும் இருக்குதான்னு எனக்குத் தெரியாது. மொத வண்டி ஓட்டறவன் கைய எடுத்துச் சைகை காட்ட மாட்டான். பின்னாடி உக்காந்திருக்கற பொம்பளைதான் காட்டோணும். வேகத்தடை வந்தா உள்ளங்கையக் கீழ அமுக்கிக் காட்டுவா. குழி இருந்தா அது இருக்கற பக்கம் கைய நீட்டுவா. லாரி எதுக்க வருது, ஒத்த வரிசையா வாங்கன்னா ஒரு விரலைத் தூக்குவா. அதைப் பாத்துப் பின்னாடி வர்றவங்க சுதாரிச்சுக்குவாங்க. வசந்தாமணி அதுல கெட்டிக்காரின்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்லைங்க. எப்படிப் பாக்கறது, நான் முன்னாடியில்ல உக்காந்திருக்கேன்.

டாக்டர் ஒரு தடவ எல்லார் முன்னாடியும் சொன்னார், “சிகாமணிண்ணா, நாங்க உங்களப் பாத்து ஓட்டறதில்லை. அக்கா கையப் பாத்துத்தான் ஓட்டறோம்”னு. டாக்டர் லொள்ளு புடிச்ச ஆளு. நானும் சிரிச்சுட்டேன். தெய்வசிகாமணியும் வசந்தாமணியும் பேர்லயே ஜோடி சேந்தவங்கன்னு எங்களுக்கு அப்படியொரு பேருங்க குரூப்புல.

சரி, நடந்ததைச் சொல்றேன். போன தை மாசம். கொடைக்கானலுக்கு ஜோடி ரைடு. எல்லாரும் விடியறதுக்குள்ள கெளம்பிட்டாங்க. கம்பெனில ஒரு லோடு ஏத்தி வுட வேண்டி இருந்ததுனால நாங்க பின்தங்கிட்டோம். பழனி பைபாஸ் டீக்கடைல நிக்கறோம், வந்து சேருங்கன்னு சொல்லிட்டாங்க. நானும் அவளும் தனியாத்தான் போறோம். உடுமலை தாண்டி ஒரு பங்க்ல பெட்ரோல் போட நிறுத்தினேன்.

பெட்ரோல் போடறப்ப எறங்கித் தள்ளி நிக்கறது அவ பழக்கம். எறங்கி நின்னா. டேங்க் நெறஞ்சுது, காசு குடுத்தேன், கண்ணாடியச் சரி பண்ணினேன், “ஏறிட்டியா?”ன்னு கேட்டேன். கேட்டனுங்க. கேக்காம எடுக்கலை. கேட்டுட்டுத்தான் எடுத்தேன்.

பதில் வந்துச்சான்னா கேக்கறீங்க? தம்பி, கம்பெனில பத்து கிரைண்டர் ஒட்டுக்கா ஓடும். அந்தச் சத்தத்துல முப்பது வருசம் பேசிப் பழகினவன் நான். நாம சொல்லோணும், வேலை நடக்கோணும், அவ்வளவுதான். அதுவுமில்லாம அவ எப்பவும் “ம்”னுதான் சொல்லுவா. ஹெல்மெட்டுக்குள்ள அந்த “ம்” எங்க கேக்குது? சொல்லியிருப்பான்னு நாமளா எடுத்துக்கறதுதான்.

பேசிட்டே போனேன். கம்பெனில என்ற தங்கச்சி மகன் பண்ற அழும்பு, பொங்கல் போனஸ் பிரச்சனை, எல்லாம் சொன்னேன். அப்பறம் இந்தப் புது மாடல் பத்தி. அப்பத்தான் மொதல் மொதலா படம் வந்திருந்துச்சு. அதுல இது இருக்குது, அது இருக்குது, வாங்கலாமா வசந்தா, உனக்குத்தான் முதுகுக்கு நல்லதுன்னு சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னு சொல்லலைல்ல, அப்பச் சரின்னுதான அர்த்தம்? அங்கயே வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

பழனி பைபாஸ். எல்லாரும் டீ டம்ளரோட நிக்கறாங்க. நான் ஸ்டைலாக் கொண்டு போய் நிறுத்தி, ஸ்டாண்டைத் தள்ளி, “எறங்கு வசந்தா, ஒரு டீ குடிக்கலாம்”னேன். எல்லாரும் என்ற பின்னாடி எட்டிப் பாக்கறாங்க. டாக்டர் சம்சாரம்தான் மெதுவாக் கேட்டுச்சு, “ஏனுங்கண்ணா, அக்கா எங்க?”

திரும்பிப் பாக்கறேன், சீட்டு சும்மா கெடக்குது.

எங்கயாச்சும் திருப்பத்துல வுழுந்துட்டாளா, லாரிக்காரன் அடிச்சுட்டானா, என்னென்னமோ ஓடுது. ஆனா அத்தனை பேர் மூஞ்சியும் என்னையே பாக்குது. வாயில வந்தது என்ன தெரியுமா? “உடுமலைல காய்ச்சலடிச்சுது, பஸ் ஏத்தி வுட்டுட்டேன்.” அப்ப எதுக்கு எறங்கச் சொன்னீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. பழக்க தோசம்னு நானே சொல்லிச் சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. டாக்டர் மட்டும் சிரிக்கல.

ஒதுங்கிப் போய்ப் போன் போட்டேன். எடுத்தா. “எங்கடி இருக்கற?”ன்னு கத்தறேன். “வூட்டுக்குத் திரும்பற பஸ்ல இருக்கறனுங்க. கோமங்கலம் தாண்டிட்டேன். ஜன்னல் சீட்டு கெடச்சுது”ங்கறா. குரல்ல கோவம் இல்லைங்க, அழுகை இல்லை. “ஒண்ணும் ஆகலைல்ல?”ன்னேன். “எனக்கு என்ன? நீங்க போயிட்டு வாங்க”ன்னு சொல்லிட்டா. அவளே சொல்லிட்டா, போயிட்டு வாங்கன்னு. அப்பறம் என்னங்க? காய்ச்சல்னு சொன்னதுனால ஒத்தையா வந்தவனையும் சேத்துக்கிட்டாங்க, ரெண்டு நாள் கொடைக்கானல் போயிட்டு வந்தேன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ரூம் போட்டாச்சு, கூட்டம் காத்திருக்குது. திரும்பி வந்தா மட்டும் அவ பஸ்ஸை வுட்டு எறங்கி என்ற வண்டில ஏறியிருப்பாளா?

திரும்பறப்ப அந்த பங்க்ல நிறுத்தினேன். பெட்ரோல் போடற பொண்ணு என்னைக் கண்டதும் அடையாளம் புடிச்சுருச்சு. “நீங்க அக்காவை வுட்டுப்போட்டுப் போனவருதான?”ன்னுச்சு. “ஏம்மா, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?”ன்னேன். அது சொல்லுது, “போடத்தானுங்க போனேன். அக்காதான் கையப் புடிச்சுட்டாங்க. வுடும்மா, எவ்வளவு தூரம் போறார்னு பாக்கலாம்னாங்க. எனக்குப் பக்கத்துலயே கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்பறம் பஸ் வந்துச்சு, ஏறிட்டாங்க”ன்னு.

தமாசு பண்ணியிருக்கா பாருங்க. என்னை மாதிரி ஆளுகிட்டயே தமாசு. வூட்டுக்கு வந்து கேட்டேன், “எதுக்குடி கூப்பிடலை?”ன்னு. “நாலு பேர் இருக்கற எடத்துல பொம்பளை கத்தறது நல்லாவா இருக்கும்?”னா. அதுவும் சரிதான். அவ கூச்ச சுபாவம் புடிச்சவ.

சண்டையில்லைங்க. அதைத்தான் சொல்றேன். சண்டை போட்டிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கல, சோறு போடாம இல்லை. குரூப்பு ஆளுக காய்ச்சல் எப்படி இருக்குதுன்னு போன் போட்டப்பக் கூட என்னைக் காட்டிக் குடுக்கல. “இப்பப் பரவால்லைங்க”ன்னுட்டா. ஒரே ஒண்ணுதான், அன்னில இருந்து வண்டில ஏறலை. கோயிலுக்குக் கூப்பிட்டா, “நீங்க முன்னால போங்க, நான் பஸ்ல வந்தர்றேன்”. கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, அதேதான். நான் முன்னாடி போய் மண்டபத்து வாசல்ல ஹெல்மெட்டோட நிப்பேன், அவ டவுன் பஸ்ல சாவகாசமா வந்து எறங்குவா. பாக்கறவங்க என்னங்க நெனப்பாங்க?

இப்பப் பேரூரு, மருதமலை, அன்னூருன்னு எங்க வேணா தனியாப் போயிட்டு வர்றா. பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டும் இல்லை, கேக்கணுமா? பக்கத்து வூட்டம்மா ஒரு நாள் சொல்லுது, “உங்க சம்சாரம் பஸ்ல வந்தா வழி போறதே தெரியறதில்லைங்க, அப்படிப் பேசறாங்க, வயிறு வலிக்கச் சிரிக்க வெச்சுப்போடறாங்க”ன்னு. வசந்தாமணியா? எங்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுனதில்லைங்க அவ. வேற யாரையோ சொல்றீங்கன்னு சொல்லிட்டேன்.

அப்பறந்தான் நான் உக்காந்து யோசிச்சேன். கோளாறு எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சாத்தானுங்க சரி பண்ண முடியும். அவ மேல தப்பில்லை. கேட்டுட்டுத்தான் எடுத்தேன், என் மேலயும் தப்பில்லை. அப்ப வண்டி. வேற என்ன இருக்குது அங்க?

போன வாரம் அவ அவரைக்காய் நறுக்கிட்டிருந்தா. பக்கத்துல போய் உக்காந்து போன்ல புது மாடல் படமெல்லாம் காட்டினேன். இந்தா திண்டு, இந்தா ஸ்பீக்கரு. எல்லார் ஹெல்மெட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், இனி நீ கை தூக்கிச் சைகை காட்ட வேண்டியதே இல்லை, சும்மா உக்காந்தாப் போதும்னேன். அவ நறுக்கறதை நிறுத்தி என்னைப் பாத்தா. “அந்தக் கை வேலையும் வேண்டாமா?”ன்னு கேட்டா. “வேண்டவே வேண்டாம், எல்லாம் மிஷினே பாத்துக்கும்”னேன். அவளுக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்க.

“ஏறுவியா மாட்டியா, ஒரே வார்த்தைல சொல்லு”ன்னேன். அதுக்கு அவ கேக்கறா, “நான் ஏறினா உங்களுக்குத் தெரியுமா?”

அவ இவ்வளவு டெக்னிக்கலாக் கேப்பான்னு நான் எதிர்பாக்கலைங்க. உடனே அந்தச் சின்ன மனுசன் படத்தைக் காட்டினேன். “தெரியும். நீ ஏறினா இது எரியும். எறங்கினா அணைஞ்சுரும்”னு. பாத்தா. பாத்துட்டுச் சிரிக்க ஆரம்பிச்சா தம்பி, அப்படியொரு சிரிப்பு. கண்ணுல தண்ணி கொட்டுது, சேலைத் தலைப்பால தொடைச்சுக்கிட்டே அவரைக்காயத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. கல்யாணமான நாள்ல இருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை.

சந்தோசந்தானுங்க அது? இல்லைங்கறீங்களா? எனக்கும் அன்னில இருந்து சரியாத் தூக்கமில்லை.

இப்ப என்ற நெலமையப் பாருங்க. தீபாவளி முடிஞ்ச மறு வாரம் ஜோடி ரைடு, தனுஷ்கோடிக்கு. மொத வண்டி நாந்தான்னு சொல்லிட்டேன். அக்கா வர்றாங்களான்னு டாக்டர் மூணு தடவ கேட்டார், வர்றான்னு மூணு தடவயும் சொல்லிட்டேன். டி-சர்ட்டு அடிச்சாச்சு. அவ சைஸ் என்னன்னு கேட்டாங்க, எனக்கு எப்படித் தெரியும், குத்துமதிப்பா மீடியம்னேன். குரூப்புல எல்லாரும் புது மாடலுக்கு மாறியாச்சு. நான் பழைய வண்டில போனா அவங்க ஹெல்மெட்டுக்குள்ள பேசிக்கறது எனக்குக் கேக்காது, தனியாள் ஆயிருவேன். புதுசு வாங்கிட்டு அவ அதுலயும் ஏறலைன்னு வைங்க, அப்ப வண்டில கோளாறுன்னும் சொல்ல முடியாது. ஊருக்கே தெரிஞ்சுரும். என்னன்னு தெரியும்கறீங்களா? அதை வாய் வுட்டு எப்படிங்க சொல்றது.

வாங்காம இப்படியே வெச்சிருந்தா, இது தினமும் ஷெட்டுல நின்னு என்னைப் பாத்துட்டே இருக்குது. கம்பெனிக்குப் போறப்பக் கூடக் கண்ணாடியப் பாக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க. அதான் உங்களுக்கு வெலையக் கொறைச்சுச் சொன்னேன். உங்களுக்கும் கல்யாணம் வெச்சிருக்குதுன்னீங்களே, ஆவணிலயா? கட்டிக்கப் போற புள்ளையோட ஊர் சுத்தலாம், நல்ல வண்டி. அந்த ஒரு கோளாறை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

என்னங்க தலையாட்டறீங்க? நம்பலையா? எவ்வளவு பெரிய வண்டியா இருந்தாலும் ஆள் ஏறினாத் தெரியாமப் போகாதுன்னா சொல்றீங்க? நீங்க இதை ஓட்டினதில்லை தம்பி, அதனால பேசறீங்க. இருங்க, இருங்க. காட்டியே தர்றேன். இப்பவே பாத்துப்போடலாம். நான் இப்படி உக்காந்துக்கறேன். ஸ்டாண்டை எடுத்தாச்சு. ரெண்டு காலும் ஊணியிருக்கேன். நீங்க பின்னாடி போங்க. எப்ப ஏறறீங்கன்னு சொல்லக் கூடாது, தோளைத் தொடக் கூடாது. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்கு ஏறுங்க. எனக்குத் தெரியாது பாருங்க.

டயர் ரெண்டும் போன வருசம் மாத்தினது. செயின் செட்டும் மாத்தியாச்சு. பின்னாடி ஷாக் அப்சார்பர் மட்டும் கம்பெனில வந்தது, அதுல நான் கை வெக்கவே இல்லை, நல்லாத்தான் இருக்குது. இன்சூரன்ஸ் மார்ச்சு வரைக்கும் இருக்குதுங்க. அப்பறம் இந்தப் பொட்டி ரெண்டும் வண்டியோடயே...

ஏறிட்டீங்களா?

எறங்குங்க. கொஞ்சம் எறங்குங்க. மறுபடி ஏறுங்க, இந்தத் தடவ இன்னும் மெதுவா.

ம். தெரியுதுங்க. முன்னாடி லேசாகுது, பின்னாடி அமுங்குது. கால்ல தெரியுது. கையில தெரியுது. நீங்க ஒல்லியான ஆளு, உங்களுக்கே இவ்வளவு தெரியுது.

அன்னிக்கு பங்க்கை வுட்டு எடுத்தப்ப வண்டி சல்லுனு போச்சுங்க. மடத்துக்குளம் மேட்டுல கியர் கூடக் கொறைக்கலை, அப்படியே ஏறுச்சு. இன்னிக்கு வண்டி என்னமா ஓடுதுன்னு எனக்கு ஒரே சந்தோசம். வசந்தாகிட்டக் கூடச் சொன்னேன், பாத்தியா, எப்படிப் பறக்குதுன்னு. லேசா இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு தம்பி. நல்லாத் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

போன் அடிக்குது. ஷோரூம்காரனாத்தான் இருக்கும். அடிக்கட்டும் வுடுங்க. சாவி அங்க ஆணில மாட்டியிருக்குது, அப்பறம் எடுத்துக்கலாம். நீங்க எறங்கிராதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருங்க.